பாலேஸ்வரி மறைத்த பருக்கள்

வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் மூன்றாம் தட்டில் குடியிருக்கும் திருமதி பாலேஸ்வரி ஸ்ரீஸ்கந்தராசா அவர்களை இந்த நாடு இன்னும் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. அரசாங்கத்தின் எந்த இரகசியமும் இங்கே ஒரு கிழமை தாங்குவதில்லை. பாலேஸ்வரியோ தன் புருஷனின் நெஞ்சுக்குள் இருந்த புற்றுநோயை ஒன்றரை வருடமாக ஒளித்து வைத்திருந்தார். ஒரே மாடிப்படி, ஒரே தண்ணீர்த் தாங்கி, ஒரே மீன்காரன். அடுத்த வீட்டில் கடுகு வெடித்தால் இந்த வீட்டில் தும்முகிற கட்டடம் அது. அதற்குள் வைத்துத்தான் ஒளித்தார்.

இது பிறவித் திறமையல்ல, பயிற்சி. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், இருபது வயதுகூட ஆகாத பெண்ணாக, நெற்றிப் பொட்டைச் சேலைத் தலைப்பால் அழித்துவிட்டு, தோட்டைக் கழற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறியவர் அவர். நடுவழியில் தமிழரைத் தேடிப் பஸ்ஸை மறித்து ஏறியவர்கள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது, பக்கத்து ஆசனக்காரியிடம் சிங்களத்தில் வெங்காய விலை கதைத்தார். பார்த்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். அன்று தொடங்கிய கலை பிறகு வீட்டு விவகாரங்களுக்கும் விரிந்தது. கனடாவில் தங்கச்சி புருஷனை விட்டு வந்த செய்தி ஊருக்குள் "அவருக்கு நைட் வேலை" என்ற அளவில் நிறுத்தப்பட்டது. மகள் தனுஷியாவின் முதல் சம்பந்தம் குழம்பிய கதை இன்றுவரை எவருக்கும் தெரியாது, தனுஷியாவுக்கும் பாதிதான் தெரியும்.

புருஷன் ஸ்ரீஸ்கந்தராசா ஓய்வுபெற்ற துறைமுகக் கிளார்க். மற்றவர்களின் கொள்கலன்களைச் சுங்கத்திலிருந்து மீட்டுக்கொடுப்பதில் ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றத்து வெயிலில் ஆயுளைச் செலவழித்தவர். சிகரெட்டைக் கையால் தொடாத மனிதர். அவருக்கு ஒரு வறட்டு இருமல் வந்து, அது சுவாசப்பையில் கான்சர் என்று முடிந்தது. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதித்ததில், கலங்களைப் பெருகச் சொல்லும் ஒரு சுவிட்ச் நிற்காமல் எரிந்துகொண்டிருப்பதாகத் தெரிந்தது. அந்த ஒரு சுவிட்சை மட்டும் பார்த்து அமத்துகிற குளிசை ஒன்றைக் கொடுத்தார்கள். கட்டி வெயில் பட்ட ஐஸ்கட்டி போல் சுருங்கியது. டொக்டர் சிரித்தார். பாலேஸ்வரி பம்பலப்பிட்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்.

ஒரேயொரு இடைஞ்சல். அந்தச் சுவிட்ச் தோலுக்கும் தேவைப்படுகிறது. அதனால் குளிசை போட்டவருக்கு முகத்திலும் நெஞ்சிலும் முதுகிலும் பருக்கள் கிளம்பின. அறுபத்தைந்து வயதில், பத்தாம் வகுப்புப் பையனின் முகம்.

கீழ்த்தட்டு றோஸிக்குக் கொட்டாஞ்சேனையில் பிறந்த வாய். படிக்கட்டில் கண்டதும் கேட்டாள்.

"என்ன அக்கா, ஐயாவுக்கு வயசு திரும்புதா? பொண்ணு பாக்கணுமா?"

"அது சூடு றோஸி. இளநி குடிக்கச் சொல்லியிருக்கு."

"அப்ப அந்தக் கறுப்புக் கண்ணாடி? கண் கிளினிக் போறாரே?"

"கண்ணும் சூடுதான்."

கிளினிக் நாட்களில் ஸ்ரீஸ்கந்தராசா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டே படி இறங்கவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். நெஞ்சில் வருத்தம், கண்ணில் கண்ணாடி. ஒழுங்கை முழுக்க அவருடைய கண்ணுக்காக வருந்தியது.

இவ்வளவு ஏற்பாடும் தனுஷியாவுக்காக. கிருலப்பனையில் ஒரு நல்ல குடும்பம், பையன் கிஷாந்த் கணக்காளர், சாதகம் பொருந்தியிருந்தது. தரகர் மட்டும் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டார்: "வீட்டில பெரிய வருத்தங்கள் ஒண்டும் இல்லைத்தானே அம்மா? அவை அதை மட்டும் விசாரிக்கச் சொன்னவை." பரம்பரையில் இறங்குகிற வருத்தமா இல்லையா என்று எந்தச் சம்பந்திப் பகுதியும் டொக்டரிடம் போய்க் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. "கண் கொஞ்சம் மங்கல்" என்றார் பாலேஸ்வரி.

நாள் வைத்தார்கள். அப்போதுதான் தன் திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது பாலேஸ்வரிக்குத் தெரிந்தது. கன்னிகாதானம்! பெண்ணின் தகப்பன் வேட்டியோடும் சால்வையோடும் வெறும் மேலோடு மணவறையில் உட்காரவேண்டும். மண்டபம் நிறையச் சனம், இரண்டு வீடியோக் கமரா, தலைக்கு மேலே பறந்து படமெடுக்கிற ஒரு யந்திரம் வேறு. சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு இருக்கவும் முடியாது. ஐயர் இடுப்பில் கட்டச் சொல்லுவார்.

மணப்பெண் அலங்காரத்துக்குப் பேசியிருந்த ரொஷேலிடம், யாரோ ஒருவருடைய பிரச்சினை மாதிரி விசாரித்தார்.

"முகம்னா ஃபவுண்டேஷன் போட்டு மூடலாம் ஆன்ட்டி. நெஞ்சு, முதுகு எல்லாம் போட்டா ஓமப் புகைக்கு வழிஞ்சிடும். வேட்டி கலராகும். யாருக்கு ஆன்ட்டி?"

"அது, தெரிஞ்ச ஒரு பகுதி."

அன்றைக்குப் பாலேஸ்வரி பெரிய முடிவொன்று எடுத்தார். நாட்டை ஆள்பவர்கள் பெரிய முடிவுகளை எடுப்பதுபோலவே, சம்பந்தப்பட்டவரைக் கேளாமல் எடுத்தார். காலித் தெருப் பார்மசியில் விற்றமின் குளிசை இருந்தது. அதே மண்ணிறம், அதே உருண்டை. காலையில் தேத்தண்ணிக் கோப்பையின் தட்டில், உறையிலிருந்து உடைத்துத் தானே எடுத்து வைப்பதுதான் வழக்கம். தட்டு அப்படியே இருந்தது. குளிசை மட்டும் மாறியது.

கொள்கலனுக்குள் என்ன இருக்கிறது என்று வாசனையிலேயே சொல்லக்கூடியவர் என்று துறைமுகத்தில் பெயரெடுத்த ஸ்ரீஸ்கந்தராசா, ஒரு நாளும் சந்தேகப்படாமல் விழுங்கினார்.

பருக்கள் காய்ந்தன, உதிர்ந்தன. "இஞ்ச பார் பாலேஸ், முகம் வழிச்சு விட்ட மாதிரி வந்திட்டுது. உடம்பு குளிசைக்குப் பழகிட்டுது" என்று கண்ணாடி முன்னால் நின்று தாடையைத் தடவிக்கொண்டார். மணவறையில் வெறும் மேலோடு, விபூதிக் குறியோடு, எண்ணெய் தேய்த்த சிலை மாதிரி இருந்தார். சம்பந்தியம்மா பாலேஸ்வரியின் காதுக்குள் "மாமா ஆள் சந்தனக்கட்டை மாதிரி இருக்கிறார்" என்றார். மகளின் கையைப் பிடித்து மருமகன் கையில் வைத்தபோது அவர் இரண்டுமுறை இருமினார். ஓமப்புகை என்று எல்லாரும் நினைத்தார்கள். பாலேஸ்வரி மட்டும் நினைக்கவில்லை.

கலியாணத்துக்குப் பின் வரும் நாலாஞ்சடங்கு முடிந்ததும் உண்மைக் குளிசைக்குத் திரும்புவதாகத்தான் திட்டம். மாப்பிள்ளை வீட்டார் ஒரு விருந்து வைத்தார்கள், அது முடியட்டும் என்று நினைத்தார் பாலேஸ்வரி. கலியாண அல்பத்துக்கு இன்னொரு குடும்பப் படம் வேண்டும் என்றார்கள், அதுவும் முடியட்டும் என்று நினைத்தார். எல்லாம் முடிந்து பழைய குளிசை தட்டுக்கு வந்த அடுத்த கிழமையே ஸ்கான் எடுக்கும் தவணை வந்துவிட்டது.

அந்த ஸ்கான் படத்தோடு கிளினிக் அறைக்குள் நுழைந்தபோதுதான், பெரிய டொக்டரின் பக்கத்து மேசையில் புதிதாக வந்திருந்த இளம் டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். உஷாந்தி. கிஷாந்தின் சித்தப்பா மகள். கலியாண வீட்டில் ஆரத்தித் தட்டோடு நின்ற அதே பிள்ளை.

"அன்ரி? நீங்கள் இஞ்ச...?"

"கண்..." என்று தொடங்கிய பாலேஸ்வரி, கதவுக்கு மேலே மூன்று மொழியிலும் இது என்ன ஆஸ்பத்திரி என்று எழுதியிருந்ததை நினைத்து, மிச்சத்தை விழுங்கினார். இன்று பின்னேரத்துக்குள் செய்தி கிருலப்பனையில். நாளைக் காலை கனடாவில்.

பெரிய டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கட்டி திரும்ப வளர்ந்திருந்தது. படத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார். குளிசை ஒவ்வொரு நாளும் எடுக்கிறீரா?

ஸ்ரீஸ்கந்தராசா நெஞ்சை நிமிர்த்தினார். "ஒரு நாளும் தவறினதில்லை டொக்டர். இவதான் கையில எடுத்துத் தாறவ. கேட்டுப் பாருங்கோ."

டொக்டர் பாலேஸ்வரியைப் பார்த்தார். பாலேஸ்வரி சேலைத் தலைப்பைப் பார்த்தார்.

"அப்படியென்றால் கட்டி குளிசையை வென்றுவிட்டது" என்றார் டொக்டர். குளிசையை நிறுத்தலாம், திரும்ப ஊசி போட்டுச் சதை எடுக்கவேண்டும், அநேகமாகக் கீமோ மருந்து ஏற்றுகிற வழிக்குப் போகவேண்டிவரும் என்று சொல்லிவிட்டு, விளங்கப்படுத்தும்படி உஷாந்தியிடம் கைகாட்டி, மற்றப் படங்களைப் புரட்டத் தொடங்கினார்.

ஸ்ரீஸ்கந்தராசா உஷாந்தி பக்கம் திரும்பினார். பிறகு, கேட்கிற கேள்வி கொள்கலனைப் பற்றியது போலவே கேட்டார்: "பிள்ளை, உடம்புக்குள்ள காவலுக்கு ஆக்கள் இருக்கினம் எண்டு சொல்லுவினம். அவை என்னத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவை?"

"இருக்கினம் மாமா. சுத்திச் சுத்தி ஒவ்வொரு கலத்தையும் நிப்பாட்டிப் பாப்பினம். ஒவ்வொரு கலமும், உள்ளுக்கு என்ன நடக்குது எண்டு காட்டுற ஒரு அடையாளத்தை வெளியில பிடிச்சுக்கொண்டுதான் நிக்கும். பிழையான அடையாளத்தைக் கண்டா அவடத்திலேயே முடிச்சுவிடுவினம்."

"பிறகென்ன?"

"கான்சர் சில நேரம் அந்த அடையாளத்தையே அழிச்சுப்போட்டு நிக்கும். இன்னும் சிலது, காவல்காரர் கிட்ட வந்த உடனே, 'நான் உங்கட ஆள்தான், விடுங்கோ' எண்டு ஒரு சைகை காட்டும். நல்ல கலங்கள் காட்டுற அதே சைகை. அவையும் விட்டிட்டுப் போயிடுவினம்."

"பேப்பர் சரியா இருந்தா ஆர் பெட்டியத் திறந்து பாக்கப்போறான்!" ஸ்ரீஸ்கந்தராசாவின் குரலில் தொழில்முறை மரியாதை ஒன்று தெரிந்தது. "என்ர காலத்தில உப்பிடி ஒரு கிளியரிங் ஏஜன்ட் இருந்தவன். கெட்டிக்காரன். அந்தச் சைகைக்கு மருந்து இல்லையோ?"

"அந்தச் சைகையத் தடுக்கிற மருந்து இருக்கு மாமா. ஆனா உங்கட வகைக் கான்சருக்கு அது பெரிசா எடுபடுறதில்லை. குளிசைதான் இதுக்குச் சரி. அதுகும் ஒரு கதவைத்தான் பூட்டும். அத்தனை கோடிக் கலத்துக்கை, பூட்டு மாறின ஒண்டு ரெண்டு முதலே இருந்திருக்கலாம். மற்றதுகள் சாக அதுகள் பெருகும். இல்லாட்டி வேற ஒரு வழியத் திறந்துகொண்டு வரும். உங்களுக்கு அப்பிடித்தான் நடந்திருக்கு போல."

அடையாளத்தை அழித்துவிட்டு நிற்பது. பாலேஸ்வரிக்கு அதற்குப் பிறகு சொன்னது எதுவும் காதில் விழவில்லை. பஸ்ஸுக்குள் ஏறியவர்களின் கண் தன் நெற்றியில் நின்று நகர்ந்த அந்தக் கணம் திரும்ப வந்தது. அன்று அவர் உயிர் தப்ப அழித்தார். இன்று அவருடைய புருஷனின் நெஞ்சுக்குள் ஒன்று அதே வேலையைச் செய்துகொண்டு இருக்கிறது. அதற்கு ஒரு மாதத்துக்கு மேலாக வெளிவாசலைத் திறந்துவிட்டு, காவல்காரனுக்கு விற்றமினும் கொடுத்துக்கொண்டிருந்தவர் பாலேஸ்வரிதான்.

கட்டி குளிசையை வென்றதா? வென்றிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் குளிசை இல்லாத மைதானத்தில் அது தனியே ஓடி வந்ததை இந்த அறையில் அறிந்தவர் ஒரே ஒருவர். பெரிய டொக்டர் பேனா மூடியைத் திறந்தார். அந்தக் குளிசையின் பெயருக்கு மேலே ஒரு கோடு விழப்போகிறது. வாயைத் திறந்தால் பக்கத்து மேசையில் சம்பந்திப் பகுதி. எதிரே, ஒரு நாளும் தவறியதில்லை என்று இப்போதுதான் சத்தியம் பண்ணிய புருஷன். வாயைத் திறக்காவிட்டால் அந்தக் கோடு.

தமிழில் சொல்ல நாக்கு எழவில்லை. பாலேஸ்வரி சிங்களத்தில் சொன்னார். உயிர் தப்பப் பொய் சொன்ன மொழியில், முதல் தடவையாக, உண்மை.

"டொக்டர், கொஞ்சம் பொறுங்கோ. அவர் எடுத்தது அந்தக் குளிசை இல்லை. மகளின் கலியாணத்துக்கு அவர் மேல் தெரிய இருக்கவேண்டும். பரு தெரியும். நான் விற்றமின் மாற்றி வைத்தேன். கலியாணத்துக்கு முன்னமிருந்து, போன கிழமைவரை. அவருக்குத் தெரியாது."

பேனா அந்தரத்தில் நின்றது. "ஐயோ அம்மே" என்றார் பெரிய டொக்டர். அதற்குமேல் அவர் படித்த படிப்பில் அந்த இடத்துக்குப் பொருத்தமான சொல் எதுவும் இருக்கவில்லை.

உஷாந்திக்குத்தான் தாங்கவில்லை. "அன்ரி, வீடியோவுக்கா? வீடியோவுக்கா நிப்பாட்டினீங்கள்?"

"ஓம் பிள்ளை. கிஷாந்தின்ர அம்மா, உங்கட பெரியம்மா, பருவைப் பாப்பா எண்டுதான்."

ஸ்ரீஸ்கந்தராசா மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, அறைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

டொக்டர் கோடு போடவில்லை. அந்தக் குளிசையையே தொடருங்கள், இரண்டு மாதத்தில் திரும்ப ஸ்கான், சுருங்கினால் குளிசைக்கு உயிர் இருக்கிறது, சுருங்காவிட்டால் முதலில் சொன்ன வழிதான் என்றார். நிறுத்தியதால்தான் இப்படி வந்ததா என்று பாலேஸ்வரி கேட்டார். யாராலும் சொல்லமுடியாது அம்மா என்றார் டொக்டர். அது ஆறுதலா தண்டனையா என்று வழியெல்லாம் யோசித்தும் பாலேஸ்வரிக்குப் பிடிபடவில்லை. வாசல்வரை வந்த உஷாந்தி குரலைத் தாழ்த்தினாள். "அன்ரி, உள்ளுக்குக் கேட்டதை நான் வெளியில கதைக்கேலாது. அது சட்டம்." ஒரு சொந்தக்காரி, தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் இருப்பாள் என்பதைப் பாலேஸ்வரி நம்பவேயில்லை.

திரீவீலரில் ஸ்ரீஸ்கந்தராசா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் காலை, தேத்தண்ணித் தட்டில் குளிசையைக் கண்டதும் முதல் வார்த்தை பேசினார்.

"உறையக் கொண்டு வா."

பாலேஸ்வரி கொண்டுவந்தார். வாசிக்கிற கண்ணாடியை மாற்றிப் போட்டு, எழுத்தெழுத்தாக வாசித்து, உடைந்த குழியில் குளிசையை வைத்துப் பொருந்துகிறதா என்று பார்த்து, பிறகுதான் விழுங்கினார். சுங்கப் பரிசோதனை அன்றிலிருந்து நாள்தோறும் நடந்தது. பாலேஸ்வரி பக்கத்தில் நின்று காத்திருப்பார். கொள்கலன்காரர்கள் காத்திருப்பதுபோல.

"நீ என்னட்டச் சொல்லியிருக்கலாம்" என்றார் ஒருநாள்.

"சொன்னா நீங்கள் கலியாணத்தைத் தள்ளிப்போடுவீங்கள்."

"தள்ளிப் போட்டிருப்பன்."

"அதுதான்."

அதன்பிறகு பாலேஸ்வரி விடிந்ததும் முதலில் பார்த்தது புருஷனின் முகத்தை. பக்தியால் அல்ல, பருவுக்காக. பரு வந்தால் குளிசை உடம்புக்குள் இருக்கிறது. தோல் வேறு, கட்டி வேறு, பரு வருவதை வைத்து எதையும் முடிவுகட்டாதீர்கள் என்று உஷாந்தி தொலைபேசியில் சொல்லியிருந்தாள். தெரியும். ஆனாலும் பார்த்தார். மூக்கோரத்தில் முதல் சிவப்பு தெரிந்த காலை, மணவறைக்காகத் தான் அழித்த அதே பருவைப் பார்த்து, குசினிக்குள் போய் அழுதார்.

சம்பந்தியம்மாவின் தொலைபேசிக்குக் காத்திருந்தார். கிழமைக்கு ஒருமுறை அது வந்தது, முருங்கைக்காய் விலையும் தனுஷியாவின் சமையலும் பற்றி மட்டும். உஷாந்தி உண்மையாகவே சொல்லவில்லை. சமூகத்தின் மேல் பாலேஸ்வரி வைத்திருந்த நம்பிக்கை இதனால் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. கடைசியில், யாரும் சொல்லாததே தாங்கமுடியாமல், தானே கிருலப்பனைக்குப் போய்ச் சொன்னார். சம்பந்தியம்மா முகம் கறுத்தது. "முதலே சொல்லியிருக்கலாம்" என்றார். பிறகு தேத்தண்ணி தந்தார், ஆனால் சீனி போட மறந்துபோனார். தனுஷியா அன்றிரவே பெற்றோர் வீட்டுக்கு வந்து, தகப்பனோடு இருந்து அழுதாள், தாயோடு கதைக்கவில்லை. கிஷாந்த் மட்டும் அடுத்த ஸ்கானுக்குத் தன் காரில் கொண்டுபோவதாகச் சொன்னான்.

அந்தப் படத்தையும் பெரிய டொக்டர் வெகுநேரம் பார்த்தார். பாலேஸ்வரி அவருடைய புருவத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கட்டி சுருங்கியிருந்தது. ஒரு ஓரத்தைத் தவிர. மேல்மூலையில் ஒரு சின்னத் துண்டு, குளிசையைச் சட்டைசெய்யாமல், கொஞ்சம் வளர்ந்துமிருந்தது.

"அதுதான் மாமா, பூட்டு மாறின ஆள்" என்றாள் உஷாந்தி. "முதலே இருந்ததோ, பிறகு வந்ததோ தெரியாது. இரத்தத்தில பாப்பம். நாங்கள் நினைக்கிற மாற்றமா இருந்தா, அந்தப் பூட்டுக்கும் ஒரு குளிசை இருக்கு."

"அதையும் வெல்லுமோ?"

"ஒருநாள் வெல்லப் பாக்கும் மாமா. நாங்களும் பாத்துக்கொண்டிருப்பம்."

ஸ்ரீஸ்கந்தராசா தலையசைத்தார். அது அவருக்கு விளங்கிய தொழில்.

வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கியபோது றோஸி மீன்சட்டியோடு நின்றாள். ஸ்ரீஸ்கந்தராசாவின் முகம் முழுவதும் சிவந்து பொருக்கு வெடித்திருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மனைவியின் கையில் கொடுத்தார்.

"என்ன அக்கா, ஐயாட கண் எப்படி?"

பாலேஸ்வரி கண்ணாடியை மடித்தார். எல்லா வீட்டுக் கதவும் பாதி திறந்திருந்தது.

"கண்ணில ஒண்டுமில்லை றோஸி. நெஞ்சில கான்சர். ஒண்டரை வருசமா."

வாய் மூடத் தெரியாத றோஸி வாயை மூடினாள். மீன்சட்டியைக் கீழே வைத்தாள். "அப்ப ஐயா, மூணு மாடி ஏறுவீங்களா? நில்லுங்க, ஒரு கதிரை தாறன், இடையில இருந்து இருந்து போங்க."

ஸ்ரீஸ்கந்தராசா ஒவ்வொரு தட்டிலும் இருந்து இருந்து ஏறினார். றோஸி முன்னால் கதிரையோடு ஏறினாள். பாலேஸ்வரி பின்னால். மேலேயிருந்து கீழேவரை செய்தி அவர்களுக்கு முன்னமே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

இரத்தப் பரிசோதனையில் அந்த மாற்றம் இருந்தது. புதிய குளிசை வந்த முதல் காலை பாலேஸ்வரி அதை உடைத்துத் தட்டில் வைக்கவில்லை. உறையோடு கொண்டுவந்து நீட்டினார். ஸ்ரீஸ்கந்தராசா கண்ணாடியை மாற்றிப் போட்டார்.

"நீ வாசி" என்றார். "நான் கேக்கிறன்."

பாலேஸ்வரி ஜன்னல் வெளிச்சத்தில் உறையைப் பிடித்து, எழுத்துக்கூட்டி, உரக்க வாசித்தார்.

"இன்னொருக்கா" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.